இழப்பை ஈடுசெய்யும் அறம்

நுழையும்முன்

ஒருவர் செய்யும் தொழில், அவரோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத மற்றொருவரின் உடைமைக்குச் சேதம் விளைவித்துவிடுவதுண்டு. சேதம் செய்தவர் வேண்டுமென்று செய்யவில்லை. இழந்தவரும் பிழை ஏதும் செய்யவில்லை. அவ்வாறாயின் அந்த இழப்பைச் சுமக்க வேண்டியவர் யார்? சட்டமும் அறமும் சந்திக்கும் இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

மூன்று குரல்கள்

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். நகரத் தெரு ஒன்றில் மூன்று மாடிக் குடியிருப்பிற்கு வண்ணம் பூசும் பணி நடைபெறுகிறது. சவுக்குக் கம்புகளால் கட்டிய சாரத்தின்மேல் நின்று தொழிலாளி ஒருவர் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். கால் வைத்த பலகை சற்றே சரிகிறது. அருகில் கட்டியிருந்த வண்ண வாளி கயிறு அவிழ்ந்து கீழே விழுகிறது. சாலையோரம் முறையாக நிறுத்தப்பட்டிருந்த மகிழுந்தின் முகப்புக் கண்ணாடி நொறுங்குகிறது, மேற்கூரை நசுங்குகிறது, கதவுகளில் வண்ணம் வழிந்து காய்கிறது.

அந்த மகிழுந்தை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர் அதன் உரிமையாளர். வண்டி ஓடினால்தான் அவருக்கு அன்றைய வருமானம்; மாதத் தவணையும் அதிலிருந்தே கட்டப்பட வேண்டும். சாரத்தில் நின்றவர் நடுங்கியபடி இறங்கி வந்து, “தெரியாமல் நடந்துவிட்டது அண்ணா” என்கிறார். அவரும் நாட்கூலிக்கு வந்தவரே. கண்ணாடியின் விலையைத் தருவதற்கே அவர் பல நாள் உழைக்க வேண்டும்.

கூட்டம் கூடுகிறது. “வேண்டுமென்றா செய்தார்? ஏழை மனிதர், விட்டுவிடுங்கள்” என்கிறது ஒரு குரல். “அவருடைய கூலியிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்” என்கிறது மற்றொரு குரல். “வண்டிக்குக் காப்பீடு இருக்குமே, அதில் வாங்கிக்கொள்ளலாம், இதற்கு எதற்குச் சண்டை?” என்கிறது மூன்றாவது குரல். மூன்று குரல்களிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும் மூன்றும் நீதியாகமாட்டா. ஏன் என்பதை ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும்.

அறியாமையும் பொறுப்பும்

முதற்குரல் இரக்கத்தின் குரல். தீய எண்ணம் இல்லாதவரைக் குற்றவாளியாக நடத்தக்கூடாது என்பதைச் சட்டமும் ஏற்கிறது. பிறர் உடைமையைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டுமெனில், சேதம் விளைவிக்கும் எண்ணமோ, சேதம் விளையக்கூடும் என்னும் அறிவோ செய்தவரிடம் இருந்திருக்க வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வகுத்த இந்த நெறியை, 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் பின்பற்றுகிறது. கைதவறி விழுந்த வாளிக்காக எவரையும் சிறைக்கு அனுப்ப இயலாது, அனுப்பவும் கூடாது.

ஆனால், தண்டனை வேறு, ஈடு வேறு. தண்டனை, செய்தவரின் மனத்தைப் பார்க்கிறது. ஈடு, இழந்தவரின் இழப்பைப் பார்க்கிறது. எண்ணம் தூயதாக இருந்தது என்பதால் உடைந்த கண்ணாடி ஒட்டிக்கொள்வதில்லை. இழப்பு அங்கேயே இருக்கிறது. அதை யாரேனும் ஒருவர் சுமந்தே ஆக வேண்டும். ‘விட்டுவிடுங்கள்’ என்னும் சொல், அச்சுமையை எந்தப் பிழையும் செய்யாதவரின் தலையில் ஏற்றிவிடுகிறது. தாமாக முன்வந்து விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. பிறர் வற்புறுத்தலால் விட்டுக்கொடுக்க நேர்ந்தால் அதற்குப் பெயர் இழப்பு.

தமிழர் நன்கறிந்த மனுநீதிச் சோழன் கதையும் அறியாமல் நேர்ந்த சேதம் பற்றியதே. இளவரசனின் தேர்க்காலில் கன்று ஒன்று சிக்கி இறந்தது. இளவரசன் அதனை வேண்டுமென்று செய்யவில்லை. எனினும், அறியாமல் நடந்தது என்ற விளக்கம் தாய்ப்பசுவின் துயருக்கு விடையாகாது எனச் சோழன் கருதினான். சிலப்பதிகாரமும் பெரியபுராணமும் போற்றும் அக்கதை திருவாரூரில் கல்தேராக நிற்கிறது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலும் அச்சோழனுக்குச் சிலை உண்டு. பாதிக்கப்பட்டது வாயில்லா உயிராயினும், பாதித்தவன் அரசன் மகனேயாயினும் பொறுப்பு மறையாது என்பது அக்கதையின் உயிர்க்கருத்து. உயிருக்கு உயிர் என்னும் அதன் அளவுகோலை இன்றைய சட்டம் ஏற்பதில்லை. ஆயினும், பொறுப்பு மறையாது என்னும் அதன் அடிப்படையை இன்றைய சட்டமும் விடாமல் பற்றியிருக்கிறது.

இவ்வெண்ணம் உலகின் பழைய சட்டங்களிலும் காணப்படுகிறது. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனிய அரசர் அம்முராபி பொறித்த சட்டக்கல் 1901இல் சூசா நகரில் கண்டெடுக்கப்பட்டது. இப்பொழுது பாரீசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. கொத்தனார் உறுதியின்றிக் கட்டிய வீடு இடிந்து பொருள்கள் அழிந்தால், அழிந்தவற்றிற்கு அவரே ஈடு தர வேண்டும். வீட்டையும் தம் செலவில் மீண்டும் கட்டித்தர வேண்டும் என்கிறது அக்கல்.

உரோமானியச் சட்ட அறிஞர்கள் இன்னும் ஒரு படி நுட்பமாகச் சிந்தித்தனர். மரத்தின்மேல் இருந்து கிளை வெட்டுபவர் வீழ்த்திய கிளை, கீழே சென்ற அடிமை ஒருவரைக் கொன்றால் பொறுப்பு யாருடையது என்று அவர்கள் வினவினர். அடிமையையும் உடைமையாகவே எண்ணியது அக்காலத்தின் கொடுமை. அவர்கள் கண்ட விடை மட்டும் இன்றைக்கும் பொருந்துகிறது: மக்கள் நடமாடும் வழியருகே வெட்டுபவர், கிளையை வீழ்த்துமுன் குரல் கொடுத்து எச்சரித்திருக்க வேண்டும்; எச்சரிக்கவில்லையெனில் அவர் பொறுப்பாளியே. தென்னையில் ஏறித் தேங்காய் பறிப்பவர், காயை வெட்டுமுன் கீழே இருப்போரை விலகச் சொல்லிக் குரல் கொடுப்பது தமிழகச் சிற்றூர்களில் இயல்பாக நடப்பது. சட்டநூல் படியாமலே கடைப்பிடிக்கப்படும் அதே நெறி அது.

கவனம் என்னும் கடமை

இன்றைய சட்டம் இந்நெறியை ‘கவனக்குறைவு’ என்னும் சொல்லால் விளக்குகிறது. ஸ்காட்லாந்தின் பெய்சிலி நகரில் 1928ஆம் ஆண்டு ஓர் இஞ்சிப் பானப் புட்டியிலிருந்து எழுந்த வழக்கு இதற்கு அடித்தளமிட்டது. புட்டியினுள் அழுகிய நத்தை இருந்ததாகவும், அதைப் பருகியதால் நோயுற்றதாகவும் டோனகியூ என்னும் பெண்மணி வழக்குத் தொடுத்தார். பானத்தை அவருக்காக விலைகொடுத்து வாங்கியவர் அவருடைய தோழி. பருகியவருக்கும் பானம் செய்த நிறுவனத்திற்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆயினும், தம் செயலால் யார் பாதிக்கப்படக்கூடும் என ஒருவர் முன்னரே உணர முடியுமோ அவர்கள் அனைவருக்கும் அவர் கவனத்துடன் நடக்கக் கடமைப்பட்டவர் என்று 1932இல் பிரித்தானியப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அண்டை அயலாரைக் காக்கும் இந்நெறியை இந்திய நீதிமன்றங்களும் ஏற்றுள்ளன.

சாரத்தின்கீழ் வண்டிகள் நிற்கும், மனிதர் நடப்பர் என்பது வண்ணம் பூசுபவருக்கும் அவரைப் பணியமர்த்தியவருக்கும் நன்கு தெரிந்ததே. ஆகவே, வாளியை உறுதியாகக் கட்டுவதும், வலை விரிப்பதும், கீழே தடுப்பு அமைப்பதும், வண்டிகளை அகற்றுமாறு முன்கூட்டியே அறிவிப்பதும் அவர்களின் கடமை. வண்டியின் உரிமையாளர் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பது இக்கடமையைக் குறைப்பதில்லை.

வாளி ஏன் அவிழ்ந்தது என்று வண்டியின் உரிமையாளர் எவ்வாறு மெய்ப்பிப்பார்? அவர் சாரத்தின்மேல் இருக்கவில்லையே. இதற்கும் 1863ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விடை கிடைத்தது. லிவர்பூல் நகரில் மாவு வணிகர் ஒருவருடைய கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து மாவுப் பீப்பாய் ஒன்று விழுந்து, தெருவில் நடந்து சென்றவர் காயமுற்றார். பீப்பாய்கள் கவனக்குறைவின்றித் தாமாக விழுவதில்லை. எனவே தம்மீது பிழையில்லை எனக் காட்ட வேண்டியவர் வணிகரே என்றது நீதிமன்றம். நிகழ்ச்சியே தன் கதையைச் சொல்லும் என்னும் இக்கோட்பாடு, மேலிருந்து விழும் பொருள்களால் பாதிக்கப்படும் எளியவர்க்குப் பெருந்துணையாகும்.

கூலியா, ஒப்பந்தமா?

இரண்டாம் குரல் பொறுப்பை ஏற்கிறது. ஆனால் தவறான தோளில் ஏற்றுகிறது. கைதவறிய தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லை என்று சட்டம் கூறவில்லை. எனினும், பணியாளர் தம் பணியின்போது விளைவித்த சேதத்திற்கு அவரைப் பணியமர்த்தியவரும் பொறுப்பாளி என்பது நிலைபெற்ற நெறி. 1962இல் இந்திய உச்சநீதிமன்றம் இதை அரசுக்கே பொருத்தியது. பழுதுநீக்கும் பணிமனையிலிருந்து அரசு ஜீப்பை ஓட்டி வந்த ஓட்டுநரின் கவனக்குறைவால் வழிநடந்த ஒருவர் உயிரிழந்த வழக்கில், இராஜஸ்தான் மாநில அரசே இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. ஆளும் அரசுக்கே உரிய இப்பொறுப்பிலிருந்து வண்ணப்பணி ஒப்பந்ததாரர் மட்டும் விலகி நிற்க இயலுமா?

இந்நெறியின் பின்னே ஆழ்ந்த நியாயம் உள்ளது. பணியின் ஆதாயம் ஒப்பந்ததாரரைச் சேர்கிறது. எத்தனை பேர் ஏறுவது, சாரம் எப்படிக் கட்டுவது, வலைக்குச் செலவிடலாமா கூடாதா என்பதை முடிவு செய்பவரும் அவரே. ஆதாயமும் அதிகாரமும் எங்கே உள்ளனவோ அங்கேயே இழப்பின் சுமையும் சேர்வதுதான் முறை. வாளி விழுந்த கணத்தில் கை தொழிலாளியுடையது. வலை கட்டாமல் மிச்சப்படுத்திய பணம் ஒப்பந்ததாரருடையது.

கூலியில் கைவைப்பதற்கும் வரம்பு உண்டு. தொழிலாளியின் பாதுகாப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்ட பொருள் அவரது கவனக்குறைவால் சேதமடைந்தால் மட்டுமே, அதுவும் அவரது விளக்கத்தைக் கேட்ட பிறகே, சேதத்தின் மதிப்பிற்கு மிகாமல் பிடித்தம் செய்யலாம் என 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம் வரையறுத்தது. தெருவில் நின்ற வண்டி அத்தொழிலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளன்று. ஆகவே, அதற்காக நாட்கூலியைப் பறிப்பது, ஓர் ஏழையின் இழப்பை மற்றோர் ஏழையின் பசியால் நிரப்புவதாகும்.

குடியிருப்பின் உரிமையாளர் பொறுப்பாளியா என்பது அடுத்த வினா. தகுதியுள்ள ஒப்பந்ததாரரிடம் பணியை முழுமையாக ஒப்படைத்த ஒருவர், அவருடைய ஆட்களின் கவனக்குறைவிற்குப் பொதுவாகப் பொறுப்பாகமாட்டார். ஆனால், உரிமையாளரே தொழிலாளர்களை நேரடியாக அமர்த்தி வேலை வாங்கினாலும், பாதுகாப்பற்ற முறையில் செய்யுமாறு வற்புறுத்தினாலும் பொறுப்பு அவரையும் தொடும். குறைந்த தொகை கேட்டவர் என்பதற்காகவே ஒருவரிடம் பணியை ஒப்படைப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காப்பீடு இருந்தால் போதுமா?

மூன்றாம் குரல் நடைமுறை அறிவுடையதாகத் தோன்றும். ஆனால், எல்லா வண்டிகளுக்கும் இதற்கான காப்பீடு இருப்பதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது, வண்டியால் பிறர்க்கு நேரும் தீங்கிற்கான காப்பீட்டை மட்டுமே. வண்டிக்கு நேரும் சேதத்திற்கான காப்பீடு உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது.

முழுக்காப்பீடு இருந்தாலும் இழப்பு முற்றிலும் நீங்குவதில்லை. இழப்பின் ஒரு பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஆவணம் கூறும். காப்பீட்டுத் தொகை கோராத ஆண்டுகளுக்காக வழங்கப்படும் கட்டணச் சலுகை, முதலாண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கித் தொடர்ந்து ஐந்தாண்டு கோராதிருந்தால் 50 விழுக்காடுவரை உயரும். ஒருமுறை கோரினால் அச்சலுகை கைநழுவும். வண்டி பணிமனையில் நிற்கும் நாள்களின் வருமான இழப்பு பெரும்பாலும் காப்பீட்டில் அடங்காது. எனவே, ‘காப்பீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பது, பிறர் பிழைக்கான விலையை உரிமையாளரின் பல்லாண்டுச் சேமிப்பிலிருந்து கட்டச் சொல்வதே.

காப்பீட்டு நிறுவனம் ஈடு தந்த பின்னும், பிழை செய்தவரின் பொறுப்பு அழிவதில்லை. உரிமையாளரின் இடத்தில் நின்று அத்தொகையை அவரிடமிருந்து பெறும் உரிமை நிறுவனத்தைச் சேரும். இழந்தவர் ஒரே இழப்பிற்கு இருமுறை ஈடு பெற இயலாது என்பதும் இதன் மறுபக்கம்.

காப்பீடு தேவையே. அது இருக்க வேண்டிய இடம், சேதம் விளைவிக்கக்கூடிய தொழிலைச் செய்பவரிடம். ஒப்பந்தப் பணிகளால் பிறர்க்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் பொதுப் பொறுப்புக் காப்பீடு நடைமுறையில் உண்டு. சாரம் ஏறுமுன் அக்காப்பீட்டை ஒப்பந்ததாரர் பெற்றிருக்க வேண்டும் என்று பணி வழங்குவோர் கேட்கும் வழக்கம் பரவினால், தெருச்சண்டைகள் பல தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

ஈட்டின் அளவு

ஈடு என்பது பரிசன்று, பழிவாங்கலும் அன்று. சேதம் நேராதிருந்தால் இழந்தவர் எந்நிலையில் இருந்திருப்பாரோ அந்நிலைக்குப் பணத்தால் இயன்றவரை அவரைக் கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம். எனவே பழுதுநீக்கும் நியாயமான செலவு, வண்டி ஓடாத நாள்களின் வருமானம் ஆகியவற்றைக் கோரலாம். பழைய கீறல்களையும் சேர்த்துச் சீரமைத்துக்கொள்வதும், கதவொன்றில் பட்ட வண்ணத்திற்காக வண்டி முழுவதையும் புதுப்பித்துத் தரக் கேட்பதும் ஈட்டின் எல்லையைக் கடந்தவை. அச்சத்தில் நிற்கும் தொழிலாளியிடம் அந்த நொடியில் வாய்க்கு வந்த தொகையைக் கேட்பதும் அநீதியே. அது இழந்தவரையே பறிப்பவராக மாற்றிவிடும்.

இழந்தவரின் கடமைகள்

உரிமை கோருபவருக்கும் கடமைகள் உண்டு. சேதத்தைக் கண்டவுடன் வண்டியை நகர்த்தாமல், சாரம், வாளி, வண்டி ஆகிய மூன்றும் தெரியுமாறு படம் எடுத்தல்; நாள், நேரம், நேரில் கண்டோர் பெயர் ஆகியவற்றைக் குறித்தல்; ஒப்பந்ததாரரின் பெயர், முகவரி அறிதல்; ஒன்றுக்கு மேற்பட்ட பணிமனைகளில் செலவு மதிப்பீடு பெறுதல்; கோரிக்கையை எழுத்து வடிவில் அனுப்பி ஒப்புகை பெறுதல் ஆகியன இன்றியமையாதவை. சினத்தில் பேசிய சொற்கள் காற்றில் போகும். எழுதிய தாள் நிற்கும்.

இழப்பு பெருகாமல் காப்பதும் அவர் கடமையே. உடைந்த கண்ணாடி வழியே மழைநீர் புக விட்டுவிட்டு அதற்கும் சேர்த்து ஈடு கேட்பது முறையாகாது. வண்ணப்பணி நடைபெறும் நாள்களில் வண்டியை அங்கே நிறுத்த வேண்டா எனத் தெளிவாக அறிவித்திருந்தும் நிறுத்தியிருந்தால், பிழையில் தமக்கும் ஒரு பங்குண்டு என்பதை அவர் ஏற்க வேண்டும். அப்பங்கிற்கேற்ப ஈடு குறையும். ஆனால், ஓர் அறிவிப்புப் பலகையைத் தொங்கவிட்ட ஒரே காரணத்தால் ஒப்பந்ததாரரின் கடமை முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை.

நீதியின் வாயில் எங்கே?

இவ்வளவு தெளிவான நெறிகள் இருந்தும், எளியவர்கள் பெரும்பாலும் ஈடு பெறாமலே திரும்புவது ஏன்? நெறி தெளிவாக இருக்கிறது. அதை அடையும் வழிதான் நீண்டுகிடக்கிறது. வேறொரு வண்டி மோதிச் சேதம் நேர்ந்திருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். வாளி விழுந்ததற்கு அத்தீர்ப்பாயம் வழிவிடாது. வண்ணம் பூசும் சேவையை விலைகொடுத்துப் பெற்றவர் குடியிருப்பின் உரிமையாளரே, வண்டிக்காரர் அல்லர். ஆகவே நுகர்வோர் ஆணையமும் அவருக்குப் பொருந்துவதில்லை. எஞ்சியிருப்பது உரிமையியல் நீதிமன்றம். சேதம் நேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டிற்குள் வழக்குத் தொடுக்கலாம். ஆனால், சில ஆயிரம் ரூபாய்க்காக நீதிமன்றப் படியேறும் ஒருவர், ஒவ்வொரு வாய்தாவிற்கும் ஒரு நாள் வருமானத்தை இழக்கிறார்.

இந்நிலையில் நம்பிக்கை தருவது மக்கள் நீதிமன்றம். பொருளாதாரக் குறைபாட்டால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்னும் அரசியலமைப்பின் 39அ பிரிவு 1976இல் சேர்க்கப்பட்டது. அதன் வழியில் 1987இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் மக்கள் நீதிமன்றங்களுக்குச் சட்ட வலிமை அளித்தது. வழக்குத் தொடுக்கும் முன்பே இங்கு முறையிடலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இருதரப்பும் இசைந்து பெறும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பிற்கு நிகரானது. அதற்கு மேல்முறையீடும் இல்லை. எனினும் இரு தரப்பும் இசைய வேண்டும் என்பதே இதன் வலிமையும் எல்லையும் ஆகும். இசைய மறுக்கும் ஒப்பந்ததாரரிடம் இது பயன்தராது.

எனவே, சிறு தொகைக்கான வழக்குகளைக் குறைந்த செலவில், சில வாரங்களில் முடித்துத் தரும் எளிய அமைப்பு வலுப்பெற வேண்டும். இக்கருத்து புதியதன்று. 1882, 1887ஆம் ஆண்டுகளின் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டங்கள் இந்நோக்கத்துடன் பிறந்தவையே. இங்கிலாந்தில் இன்று பொதுவாகப் பத்தாயிரம் பவுண்டுவரையிலான கோரிக்கைகள் எளிய நடைமுறையில் விசாரிக்கப்படுகின்றன. நூற்றாண்டிற்கு முன்பே இங்குத் தோன்றிய எண்ணம், இன்றைய தெருக்களின் தேவைக்கேற்ப உயிர்பெற வேண்டும்.

மீண்டும் அத்தெருவில்

வாளி விழுந்த தெருவிற்குத் திரும்பலாம். அங்கே நான்காவதாக ஒரு குரல் எழ வேண்டும். “தம்பி, நீங்கள் அஞ்ச வேண்டா. ஒப்பந்ததாரரை அழையுங்கள். என்ன சேதம் என்பதை எழுதுவோம், ஆகும் செலவை அவர் தரட்டும், நாளையிலிருந்து வலை கட்டி வேலை செய்யுங்கள்” என்னும் குரல் அது. அக்குரலில் இரக்கமும் உண்டு, கணக்கும் உண்டு. தொழிலாளியின் கூலி காக்கப்படுகிறது. ஓட்டுநரின் பிழைப்பு மீள்கிறது. ஆதாயம் பெறுபவர் தம் பொறுப்பை ஏற்கிறார். அடுத்த வாளி விழாமல் தடுக்கப்படுகிறது.

அறியாமல் செய்த பிழையை மன்னிக்கலாம். அதனால் விளைந்த இழப்பை ஈடுசெய்தே ஆக வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஈடு முறையாகக் கிடைக்கும் இடத்தில்தான் மன்னிப்பும் மனமுவந்து பிறக்கும்.